பிடியரிசி யார் பங்கில் குறைந்தது

என் வயசுக்காரிகளே, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். நம் பேத்திமாரிடம் சொன்னால், "அதெல்லாம் மாறியாச்சே பாட்டி" என்று போனைத் தடவப் போய்விடுவார்கள். மாறியாச்சா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிடியரிசி நினைவிருக்கிறதா? மறந்தவர்களுக்கும், எங்கள் சபைப் பழக்கம் தெரியாதவர்களுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உலையில் போட அரிசி அளந்தெடுத்ததும், கழுவுவதற்கு முன்னால், வீட்டுப் பொம்பளை அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போடுவாள். அது கர்த்தருக்கு. சனிக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அந்த அரிசியை ஏலம் விடுவார்கள். போட்டது பொம்பளைகள், கேட்பது ஆம்பளைகள்.

எங்கள் சபையில் அதை வாங்கப் போனவள் என் அம்மை. கூடப் போனவள் நான். திருவட்டாற்றுக்கு மேற்கே எங்கள் ஊர். ரப்பர் விளைகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும் வழி. அம்மையின் இடுப்பில் பெரிய ஓலைப்பெட்டி, என் கையில் சின்னது. ஒவ்வொரு அடுக்களை வாசலிலும் போய் நிற்போம். ஒரு வீட்டில் சிவந்த சம்பா அரிசி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் வண்டு ஓடும் பழைய அரிசி. எல்லாம் ஒரே பெட்டியில் விழும். கையை உள்ளே விட்டால் மேலே குளிர்ச்சியாகவும் அடியில் சூடாகவும் இருக்கும். கலந்த அரிசி சோற்றுக்கு ஆகாது, ஒன்று வேகும் ஒன்று வேகாது. ஏலத்தில் எடுக்கிறவர்கள் புட்டுக்கு இடிப்பார்கள், இல்லையென்றால் கோழிக்குப் போடுவார்கள்.

அம்மை அந்த விஷயத்தில் மகா கண்டிப்புக்காரி. ஒரு தடவை வழியில் நான் நாலு அரிசி எடுத்து வாயில் போட்டதற்கு, தோட்டுத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். இன்னொரு தடவை எதிர்வீட்டு மாமி சும்மா விளையாட்டாக, "பெட்டி சுமக்கவளுக்க வீட்டுலதான் எப்பவும் புட்டு மணக்கு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எங்கள் வீட்டில் புட்டுக்குடம் அடுப்பில் ஏறவில்லை. அண்ணன் கேட்டு அழுதான். அம்மை அசையவில்லை. பேர் கெட்டுப்போகுமோ என்ற பயம் அவளுக்கு நெஞ்சுக்குள்ளேயே அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பாவுக்கு முக்கில் பலசரக்குக் கடை. சபைக் கமிட்டியில் உண்டு. கையை ஓங்காத மனுஷன், குடிக்காத மனுஷன். அந்தக் காலத்தில் அதுவே பெரிய பேர், அதற்கு மேல் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவருக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்கா மூத்தவள், பிறகு அண்ணன், கடைசியில் நான்.

அக்கா அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுத்துவிட்டு, "இதுக்க மையம் எங்க, சொல்லு பாப்போம்" என்பாள். அவளிடம் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. மஞ்சள் தகரம், மூடியில் பூ. உள்ளே ஒரு காம்பஸ், அதை யாரும் தொடக்கூடாது. நான் தொட்டால், "ஏட்டி, முனை மழுங்கிப்போவும்" என்று பிடுங்கிக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீலத் தாவணியைக் கழற்றாமலே படிக்க உட்கார்ந்துவிடுவாள். அம்மை கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போவாள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு முறை உங்கள் வீட்டிலும் இருந்ததுதான். முதலில் அப்பாவும் அண்ணனும். அவர்கள் எழுந்தபிறகு அக்காவும் நானும். கடைசியில் அம்மை. அக்கா வயசுக்கு வந்தபிறகு என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டு அம்மையோடு கடைசியில் சேர்ந்துகொண்டாள். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்தால் நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் கையில் அகப்பையோடு நிற்கிறாள்.

ஒரு சாயங்காலம் அம்மை அரிசியை அளந்து, ஒரு பிடியைக் கலயத்தில் போட்டாள். தேங்காய் திருவிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"அம்மா, ஒரு கணக்கு. வீட்டுல உள்ள ஆளுக்குத் தக்கன அளந்துதானே அரிசி எடுக்குதீங்க. அதுல ஒரு பிடி மாத்தினா யாருக்குச் சோறு குறையும்?"

"கர்த்தருக்குக் குடுத்தா குறையாதுட்டி."

"கர்த்தருக்க கணக்கு வேற. நான் பானைக் கணக்கு கேக்கேன். அப்பாக்குக் குறையுமா? தம்பிக்குக் குறையுமா?"

"வாய மூடிட்டுத் தேங்காயத் திருவு," என்றாள் அம்மை, சிரித்துக்கொண்டுதான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மக்கா." எனக்குத் தெரியவில்லை. "கடைசியில தின்னுதவளுக்குக் குறையும்," என்றாள். விடுகதைக்கு விடை கிடைத்த மாதிரி நான் கைதட்டினேன். அம்மையும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தோம்.

பரீட்சை முடிவு வந்தது கொல்லாம்பழக் காலத்தில், அதாவது முந்திரி பழுக்கிற காலத்தில். விளை முழுக்க அந்தப் புளித்த இனிப்பு மணம். என் சட்டையெல்லாம் பழக்கறை. கணக்கு டீச்சர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, பஸ் இறங்கி மேடு ஏறி, எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அக்கா பாஸ், கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். சபையில் அந்த வருஷம் பாஸான பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பாதியில் நின்றுபோனவர்கள்.

"இவள நாகர்கோவிலுக்கு அனுப்புங்க. பெண்கள் காலேஜ்ல பி.யு.சி. சேரட்டும். ஹாஸ்டல் காரியம் நான் பேசுகேன்," என்றார் டீச்சர்.

அப்பா அவருக்குத் தேயிலையும் பழமும் கொடுத்து உபசரித்து, "பாப்போம் டீச்சர்," என்றார். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். டீச்சர் போனதும் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: "பயல் அடுத்தாப்புல வாறான். அவனுக்கு எடுத்து வைக்கண்டாமா? பெண்பிள்ளைக்கு இதுவே கொள்ளாம்." பயல் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் தடவை உட்கார்ந்திருந்தான். அவன் கிணற்றடியில் அக்காவின் காம்பஸால் தன் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா அழவில்லை. அவளுக்கு இன்னொரு வழி தெரியும். எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

எங்கள் சபையில் ஒரு பைபிள் அம்மா இருந்தார். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுகிறவர், விதவை, வெள்ளைச் சேலை, ஆணிக்கால் வலியோடு செருப்பில்லாமல் நடப்பார். அந்த வருஷத் தொடக்கத்திலேயே அவர் சங்கத்தில் ஒரு பேச்சு எடுத்திருந்தார். "பிடியரிசியில பெட்ரோமாக்ஸ் வாங்கியாச்சு, போதகர் வீட்டுக்கு ஓடு போட்டாச்சு. இனி ஒரு வருஷத்து அரிசிய ஒரு பெண்பிள்ளைக்க படிப்புக்குக் குடுப்போம். நம்ம கைப்பிடி நம்ம பிள்ளைக்கு ஆவட்டு." எல்லாரும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு பெட்டியில் விழுந்த பிடி கொஞ்சம் பெரிசாகவே இருந்தது, நானே பார்த்தேன். சில வீடுகளில் அக்காவை விசாரித்துக்கொண்டே போடுவார்கள். "குட்டி நல்லா படிக்கியாளா?" என்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கேட்பார்கள்.

ஜூன் மாத எடவப்பாதி மழை பிடிக்கிறதற்கு முந்தின சனிக்கிழமை சங்கம் கூடியது. ஓய்வுநாள் பள்ளி அறையில் பாய் விரித்திருந்தது. அக்கா வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அவளுக்குத் தைரியம் வருவதற்காக என் கையைப் பிடித்திருந்தாள். நீலத் தாவணியைத் துவைத்து, கரி இஸ்திரிப்பெட்டியில் தேய்த்துக் கட்டியிருந்தாள். கஞ்சிப்பசை மணம் இப்போதும் எனக்கு வருகிறது.

பைபிள் அம்மா எழுந்து அக்காவின் பேரைச் சொன்னார். உள்ளே எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்வீட்டு மாமிதான் முதலில் தூக்கினாள். ஜன்னல் கம்பி வழியாக நான் பார்த்தேன். அக்காவின் கை என் கையை நெரித்தது.

அப்போது அம்மை எழுந்தாள்.

"எனக்க பிள்ளைக்கு வேண்டாம்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. "என்னத்துக்குட்டி?" என்றார் பைபிள் அம்மா.

"பெட்டி சுமக்கவ நான். எனக்க பிள்ளைக்கே அத எடுத்தா, நாளைக்கு நான் எந்த வாசல்ல போய் நிக்க? தனக்குத்தான் சுமந்தாண்ணு சொல்லுவினும். அடுத்த வருஷம் வேற யாருக்க பிள்ளையாவது பாஸாவட்டு, அவளுக்குக் குடுங்க."

"யாரு சொல்லப்போறா? நாங்க எல்லாரும் கை தூக்கியாச்சுல்லா."

"இப்ப தூக்குவீங்க. பின்ன பேசுவீங்க."

"உனக்க பிள்ளைண்ணா அவ படிக்கண்டாமா? இது என்ன நியாயம்?"

அம்மை தலையைக் குனிந்துகொண்டு, "என்னைய நிர்ப்பந்திக்காதீங்க," என்றாள். அவள் அதைச் சந்தோஷமாகச் செய்யவில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய நல்ல காரியம் செய்கிற வலியோடு செய்தாள். என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அக்கா மழை இருட்டுக்குள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஊரில் அம்மைக்கு வந்த பேரைக் கேட்கவேண்டுமே. அப்பா சாப்பிடும்போது அண்ணனிடம், "உனக்க அம்மைய மாதிரி நீதி தெரிஞ்ச பொம்பள இந்தத் தாலுகாவுல கிடையாது," என்றார். அந்த ஞாயிறு போதகர் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். தன் பிள்ளையைவிடச் சபையின் நற்பேரை நேசித்த தாய் என்றார். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மை கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் அக்கா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பு பிரசங்கத்துக்கு ஒரு உதாரணமாகிப்போனது. ஓட்டின்மேல் மழை சடசடவென்று விழுந்து, போதகர் சொன்னதில் பாதி கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லதுதான்.

யாரும் கோபப்படவில்லையே என்று கேட்பீர்கள். பைபிள் அம்மா கோபப்பட்டார். எங்கள் அடுக்களைக்கு வந்து அம்மையிடம், "நீ உனக்க பேரக் காப்பாத்தினே. பிள்ளைய விட்டே," என்று சொல்லிவிட்டு, வெள்ளம்கூடக் குடிக்காமல் போனார். அம்மை அதற்காகவும் அழுதாள்.

பெண்பிள்ளைக்கென்று ஒதுக்கியது சும்மா கிடக்கலாமா? ஆம்பளைகளுக்கு அது பொறுக்கவில்லை. கமிட்டி கூடி, கோயில் முன்வாசலில் ஒரு ஆர்ச் கட்டத் தீர்மானித்தார்கள். அவர்களிடம் யார் என்ன கேட்க முடியும்? பெண்கள் சங்கத்துக்கு அறிவிப்பு மட்டும் வந்தது. மழை விட்டதும் ஆர்ச் எழும்பியது. ஒரு பக்கத் தூணில் கறுப்புக் கல் பதித்து, கமிட்டிக்காரர்களின் பேரை வெட்டினார்கள். மூன்றாவதாக எங்கள் அப்பாவின் பேர். அரிசி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

கல் பதித்த அன்றைக்கும் அக்கா அரிசி அளந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். அம்மையால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இனி போடாண்டாம் மக்கா."

"போடுகேன். அடுத்த பிள்ளைக்கு ஆவும்லா," என்றாள் அக்கா. அப்போது அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் பழக்கறைச் சட்டையோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவித்த மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

நீலத் தாவணி டிரங்குப்பெட்டிக்குள் போனது. பிறகு ஒரு நாள் அது கைப்பிடித் துணியாகிக் கஞ்சிப்பானை இறக்கியது. ஜாமெட்ரி பாக்ஸை அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த மழைக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம். பக்கத்து ஊர்தான். பெரிய வீடு, மாமியார், மாமனார், நாலு கொழுந்தன்மார். பெரிய பானை உள்ள வீடு. கல்யாணத்துக்கு வந்தவர்கள், "குட்டி கொடுத்து வச்சவ," என்றார்கள்.

பிறகு என் முறை வந்தது. நானும் பாஸானேன். ஆர்ச்சுக்குப் பிறகு சேர்ந்த அரிசியைச் சங்கம் மறுபடியும் பெண்பிள்ளை படிப்புக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தது. அந்த வருஷம் பைபிள் அம்மா சங்கம் கூடுவதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இந்தத் தடவ நீ வாயத் தெறக்கப்பிடாது, கேட்டியா?" என்றார். அம்மை திறக்கவில்லை. அப்படித்தான் நான் பயிற்சிக்குப் போனேன், டீச்சரானேன். உங்களில் சிலரின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் உடம்பில் ஓடுகிறது அந்தக் கலப்பு அரிசி. அதில் அக்காவின் பிடியும் உண்டு.

நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்றைக்கு அம்மை என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு இடத்தில் நின்றது. "பெரியவளுக்கும் இதுபோல யாராவது எனக்க வாயப் பொத்தியிருக்கப்பிடாதா?" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, மடித்த துணியிடம் சொன்னாள். சாகிறவரைக்கும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதைய காரியத்துக்கு வருகிறேன். எங்கள் சபைக் கமிட்டியில் இப்போது பெண்களும் உண்டு. விதியே வந்துவிட்டது. நானும் இருக்கிறேன். பெயர்ப்பலகையில் என் பேர் இருக்கிறது, படத்தில் நான் ஓரத்தில் நிற்கிறேன். போன மாதக் கூட்டத்தில் ஆர்ச்சைப் பற்றிப் பேச்சு வந்தது. வெடித்திருக்கிறது, பூசி வெள்ளையடித்து, கல்லில் உள்ள பேர்களுக்குத் தங்க நிறம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் எழுந்து, அது பெண்களின் பிடியரிசியில் எழும்பின ஆர்ச், ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்கு வைத்த அரிசி, அதையும் ஒரு வரி எழுதுங்கள் என்றேன்.

செயலாளர் என்னிடம் படித்த பையன். மரியாதைக்குக் குறைவில்லை. "டீச்சர், எல்லாப் பொம்பளைகளுக்க பேரையும் கல்லுல வெட்ட முடியுமா?" என்றான்.

"பேர் வேண்டாம். பிடியரிசிண்ணு ஒரு வார்த்த போதும்."

"கல்லுல இடமில்ல டீச்சர். அடுத்த தடவ பாப்போம்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான். "தேயில வந்தாச்சு. டீச்சர், நீங்களும் மத்த மெம்பர் அக்காவுமாச் சேந்து எல்லாருக்கும் கொஞ்சம் ஊத்திக் குடுங்களேன்."

ஊற்றிக் கொடுத்தேன். நீங்கள் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பீர்கள், சும்மா என்னைப் பார்த்து முறைக்காதீர்கள். கை தானாகப் போகிறது.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். அத்தான் போய்ச் சேர்ந்தாச்சு, மகன்மார் இரண்டு பேரும் வளைகுடாவில். அந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும்தான். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். "கல்லுல எழுதினா சோறு திரும்பி வருமா மக்கா?" என்றாள். பிறகு மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டே, எத்தனையோ வருஷம் கழித்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த ஜாமெட்ரி பாக்ஸ் என்னாச்சு?"

"அண்ணன் எங்கயோ போட்டுட்டான்."

"காம்பஸ் நல்ல காம்பஸ்," என்றாள்.

எனக்கு இலை போட்டுச் சோறு விளம்பினாள். சாளைக் குழம்பு, தீயல், அப்பளம். பானையில் சோறு குவிந்து கிடந்தது. அவள் அகப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

"நீயும் இரு அக்கா. சேந்து தின்னுவோம்."

"நீ தின்னு. எவ்வளவு மிச்சம் இருக்குண்ணு பாத்துட்டு நான் இருக்கேன்."

"பானை நிறைய இருக்கு. நாம ரெண்டு பேர்தானே. இன்னும் யாரு வரணும்?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். வாசல் பக்கம் பார்த்தாள், நடை காலியாகக் கிடந்தது. "யாரும் இல்லதான்," என்றாள். ஆனால் உட்காரவில்லை. முழங்கால் வலியில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

இலையில் இருந்ததை அள்ளி அள்ளி வேகமாக விழுங்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். நான் எழுந்தால்தானே அவள் உட்காருவாள்.